பாக்கெட் தாஸ் பார்த்த கதவு

அருள்தாஸ் விழுந்தது பின்னோக்கி நடந்ததால். பாகூர் ஏரிக்கரையில் நின்று, தலைக்கு மேலே போன போர் விமானத்தைக் கேமராவில் தொடர்ந்திருக்கிறார். விமானம் தலையைத் தாண்டும்போது உடம்பு தானாகப் பின்னால் சாயும், கால் தானாகப் பின்னால் போகும். ஐந்து அடி வைத்தார். ஆறாவது அடிக்குக் கரை இல்லை. வலது கணுக்காலில் இரண்டு எலும்பு முறிந்தது. கேமராவுக்கு ஒன்றும் ஆகவில்லை. விழும்போது அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

பிள்ளையார்குப்பத்து மருத்துவமனையில் தகடு வைத்து, ஆறு வாரம் காலைத் தரையில் ஊன்றக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். அவர் மனைவி ஸ்டெல்லா வில்லியனூரில் பள்ளி ஆசிரியை. காலை ஏழரை பஸ்ஸுக்குப் போனால் மாலை ஐந்து மணிக்குத்தான் வீடு. மகள் துபாயில். பகலில் பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்பட்டது, நான் போனேன். அறுவை அரங்கில் இருபத்தாறு வருடம் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்று, பிறகு வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் பயிற்சியும் எடுத்தவள். எத்தனையோ உடைந்த கால்களைப் பார்த்தாயிற்று. கால் சரியான பிறகும் ஆளைப் பற்றி எழுதவேண்டும் என்று தோன்றியது இவர் ஒருவரைத்தான்.

முதல் நாள் வாக்கரைப் பிடித்து நடக்கச் சொல்லிக்கொடுத்தேன். அவர் கண் கூரையில் இருந்தது.

"தம்பி, கீழ பாத்து நட. மேல பாத்துதான் இப்டி வந்து கெடக்கிற."

"சத்தம் கேக்குதுக்கா."

"எனக்கு ஒண்ணும் கேக்கல."

"இப்ப கேக்கும் பாருங்க."

கேட்டது. பெரிய தகரத்தை இரண்டாகக் கிழிப்பதுபோல வந்து, ஜன்னல் கம்பியை அதிரவைத்து, கடல் பக்கம் போய் அடங்கியது. நான் சத்தம் வந்த மேற்கு ஜன்னலைப் பார்த்தேன். அவர் கிழக்கு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் ஒரு கறுப்புப் புள்ளி மறைந்ததை அவர் மட்டும் பார்த்தார்.

"சத்தம் வர்ற எடத்துல ப்ளேன் இருக்காதுக்கா. அது அந்த எடத்த வுட்டுப் போயி நேரமாயிருக்கும். சத்தத்துக்கு முன்னால பாக்கணும்."

இதைச் சொல்லும்போது ஐம்பத்தெட்டு வயது மனிதரின் முகம் பத்து வயதுக்குப் போயிருந்தது. வலி மாத்திரை கொடுத்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. வலியும் மாத்திரையும் அவருக்கு நினைவில்லை.

ஊரில் அவரை மிலிட்டரி என்று கூப்பிடுகிறார்கள். "மிலிட்டரி இல்ல, ஏர்ஃபோர்ஸ்" என்று அவர் இருபது வருடமாகத் திருத்துகிறார். யாரும் கேட்பதில்லை. அவருடைய அப்பா வில்லியனூர் பக்கத்தில் கரும்பு வெட்டியவர். பதினெட்டு வயதில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ரயிலேறிப் போன மகன், இருபது வருடம் விமானப்படையில் மெக்கானிக்காக இருந்து சார்ஜன்டாகத் திரும்பினார். விமானத்தின் உடம்புதான் அவர் பொறுப்பு: இறக்கை, சக்கரம், மூடிகள், கதவுகள். எஞ்சினுக்கு வேறு ஆள், மின்சாரத்துக்கு வேறு ஆள்.

அவர் வேலை பார்த்தது ஐதராபாத் பக்கத்தில், புதிய விமானிகளுக்குப் போர் விமானம் ஓட்டக் கற்றுத்தரும் ஒரு நிலையத்தில். காலுக்குக் கட்டு மாற்றும்போது அந்த வேலையைப் பற்றிக் கேட்பேன். பேச்சில் இருந்தால் கால் ஆடாது.

"விமானியோட சீட்டுக்கு அடியில வெடிமருந்து இருக்கும்க்கா. ஆபத்துன்னா ஆளையே வெளிய தூக்கி எறியும். தரையில இருக்கும்போது அது வெடிக்காம இருக்க ஊசி குத்தி வெச்சிருப்போம். ஒவ்வொரு ஊசியிலயும் செவப்பு நாடா தொங்கும். பறக்கறதுக்கு முன்னாடி அதெல்லாம் எடுத்து, எண்ணி, விமானி மொகத்துக்கு நேரா தூக்கிக் காட்டணும். அவரு பாத்து தலைய ஆட்டணும்."

"எடுத்துட்டேன்னு சொன்னா போதாதா?"

"வாயால சொன்னா செல்லாது. கண்ணால பாக்கணும்."

எனக்கு இது புரிந்தது. அறுவை அரங்கில் வயிற்றைத் தைத்து மூடும் முன் பஞ்சுத்துணிகளை எண்ணுவோம். உள்ளே போனது இருபது என்றால் வெளியே இருபது வரவேண்டும். ஒன்று குறைந்தால், எவ்வளவு பெரிய டாக்டராக இருந்தாலும், ஊசியைக் கீழே வைக்கவேண்டும். அதைச் சொன்னேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, "அப்ப ஒங்களுக்கு என் கதையச் சொல்லலாம்" என்றார்.

அது நடந்து முப்பது வருடம் ஆகப்போகிறது. பயிற்சி முடித்த விமானிகளுக்குப் பட்டம் கொடுக்கும் அணிவகுப்பு நாள். ஒன்பது ஜெட்கள் சேர்ந்து பறக்கவேண்டும். அந்த நிலையத்தில் கருவிகளை ஒரு பலகையில் மாட்டிவைப்பார்கள். ஒவ்வொரு கருவிக்கும் பின்னால் அதன் வடிவத்தை வண்ணத்தில் வரைந்திருப்பார்கள். கருவி இல்லாவிட்டால் வடிவம் மட்டும் தெரியும். விமானங்கள் நகர்ந்து ஓடுபாதைக்குப் போகத் தொடங்கியபோது, அருள்தாஸ் பலகையைப் பார்த்தார். விரல் நீளமுள்ள ஒரு ஸ்க்ரூ டிரைவரின் வடிவம் காலியாக இருந்தது. காலையில் அதைக் கொண்டு மூன்றாம் விமானத்தின் உள்ளே ஒரு மூடியை முடுக்கியவர் அவர்தான்.

சின்ன சாமான்தான். ஆனால் பறக்கும்போது விமானம் தலைகீழாகும். உள்ளே உருளும் சாமான் எந்தக் கம்பியில் போய் மாட்டும் என்று சொல்ல முடியாது. மாட்டினால் விமானி கைப்பிடியை இழுப்பார், அது வராது.

அவர் ஓடினார். தலைக்கு மேல் இரண்டு கைகளையும் குறுக்காக வைத்துக்கொண்டு, மூன்றாம் விமானத்துக்கு முன்னால் போய் நின்றார். அது நிறுத்து என்பதற்கான சைகை. விமானம் நின்றது. மற்ற எட்டும் போய்விட்டன. மேடையில் இருந்த பெரிய மனிதர்கள் வானத்தில் ஒன்பதுக்கு எட்டைப் பார்த்தார்கள்.

இருக்கைகளைக் கழற்றித் தேடினார்கள். மாலை வரை கிடைக்கவில்லை. உடை மாற்றும்போது அருள்தாஸின் கால்சட்டையில் ஏதோ இடித்தது. பையில் ஓட்டை, அதன் வழியாக இறங்கி, மடித்துத் தைத்த விளிம்பில் போய் உட்கார்ந்திருந்தது ஸ்க்ரூ டிரைவர்.

"தூக்கிப் போட்டிருந்தா யாருக்குத் தெரியும்?" என்று கேட்டேன்.

"தெரியாது. ஆனா அந்த ப்ளேன அக்கக்கா பிரிச்சி மாசக்கணக்குல போட்டு வெச்சிருப்பாங்க. இல்லாத சாமானத் தேடிக்கினு."

எடுத்துக்கொண்டுபோய் அதிகாரியின் மேசையில் வைத்தார். அன்றிலிருந்து அவர் பெயர் பாக்கெட் தாஸ். சாப்பாட்டு வரிசையில் பாக்கெட். சம்பள வரிசையில் பாக்கெட். வேறு நிலையத்துக்கு மாறிப்போனால், அவருக்கு முன்னால் அந்தப் பெயர் போய் இறங்கியிருக்கும். பணியில் மீதியிருந்த வருடங்கள் முழுக்க அந்தப் பெயரோடுதான் இருந்தார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அந்தப் பெயரை ஊரில் யாருக்கும் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

சிரிக்காத ஒருவரும் இருந்தார்: மூன்றாம் விமானத்தை ஓட்டியவர், ஒரு பஞ்சாபிக்காரர். பத்து நாள் கழித்து அவர் வந்து, தலைக்கவசம் ஒன்றைக் கொடுத்து, "வா, பறக்கலாம்" என்றார். அனுமதி வாங்கியிருந்தார். இப்படி வருடத்தில் ஒன்றிரண்டு மெக்கானிக்குகளுக்குத்தான் கிடைக்கும்.

அந்த நாற்பது நிமிடத்தை அருள்தாஸ் எனக்கு நான்கு முறை சொல்லியிருக்கிறார். நான்கு முறையும் ஒன்றுபோலவே சொன்னார்; அதனால் நம்புகிறேன். ஓடுபாதையில் முதுகை யாரோ உள்ளங்கையால் தள்ளியதுபோல இருந்ததாம். தரை கீழே விழுந்ததாம். இவர்கள் ஏறவில்லை, தரைதான் விழுந்தது. வளைந்து திரும்பும்போது மடியில் இருந்த கையைத் தூக்க முடியவில்லை. கையில் ஒரு மூட்டை நெல் கட்டியதுபோலக் கனத்தது, கன்னம் தொங்கியது. பிறகு விமானி ஒருமுறை முழுதாகப் புரட்டினார். தலைக்கு மேலே ஒரு குளம் இருந்தது. அதில் ஒரு எருமை கூட நின்றதாம்.

"வாந்தி எடுத்தியா?" என்று கேட்டேன். என் வேலைக்கு அதுதான் முக்கியம்.

"பை குடுத்தாங்க. காலியாத் திருப்பிக் குடுத்தேன்" என்றார். இருபது வருடப் பணியில் அவர் பெருமையாகச் சொன்ன இரண்டு மூன்று விஷயங்களில் இதுவும் ஒன்று.

ஓய்வு பெற்று ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், ஆறு வருடம் முன்பு கேமராவை எடுத்தார். பாகூர் ஏரிக்குப் பறவை படம் எடுக்க வருபவர்களில் ஒருவர், முழங்கை நீள லென்ஸோடு பழைய கேமராவை விற்றுவிட்டுப் புதியது வாங்கினார். அந்தப் பழையதை இவர் வாங்கினார். பறவைக்காரர்கள் குனிந்து தண்ணீரைப் பார்ப்பார்கள். இவர் நிமிர்ந்து மேலே பார்ப்பார். கடல்மேல் பயிற்சிக்குப் போகும் ஜெட்கள் எப்போதாவது இந்தப் பக்கம் வரும். மாதத்துக்கு இரண்டு முறை வந்தால் பெரிது. மற்ற நாள்களில் நாரையும் பஸ்ஸும் எடுத்துப் பழகுவார். ஓடும் பஸ்ஸின் சக்கர ஆணி தெரிகிறமாதிரி எடுத்தால்தான் ஜெட்டை எடுக்க முடியும் என்பார். பாகூர் பஸ்கள் எல்லாவற்றின் சக்கர ஆணிகளும் அவர் கணினியில் இருக்கின்றன.

அவர் படங்களை நான் பார்த்தேன். எனக்குப் படம் பற்றித் தெரியாது. ஆனால் மணிக்கு எண்ணூறு கிலோமீட்டர் போகும் ஒரு பொருள், அதன் மேல்தோலில் இருக்கும் தையல்போன்ற ஆணி வரிசையோடு, விமானி தலை திரும்பியிருக்கும் பக்கத்தோடு, அசையாமல் நிற்கிறது. எஞ்சின் வாயில் ஆரஞ்சும் நீலமுமாக வளையம் வளையமாக நெருப்பு. இதை நடுங்காமல் எடுத்த கை நல்ல கை. அறுவை அரங்கில் அப்படிப்பட்ட கைகளை நான் மூன்றோ நான்கோதான் பார்த்திருக்கிறேன்.

ஜனவரியில் செய்தி வந்தது. பொங்கலுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரிக் கடற்கரையில் விமான சாகசக் காட்சி. வியாழன், வெள்ளி ஒத்திகை. ஸ்டெல்லா செய்தித்தாளை ஒளித்துவைத்தார். பயனில்லை; வியாழன் காலை பதினோரு மணிக்குச் செய்தியே தலைக்கு மேல் வந்தது. கடற்கரையில் சாகசம் செய்யும் விமானங்களுக்கு, அடுத்த சுற்றுக்குத் திரும்ப இடம் வேண்டுமே. அவை திரும்பியது சரியாகப் பாகூர் ஏரிக்கு மேல். அருள்தாஸ் கொல்லைப்புறத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, காலை ஒரு முக்காலியில் நீட்டிக்கொண்டு, நானூறு படம் எடுத்தார். அன்று மதியம் சாப்பிடவில்லை.

மாலையில் கணினியில் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவரின் வாயிலிருந்த விசில் நின்றது. "அக்கா, கொஞ்சம் இங்க வாங்க."

திரையில் ஒரு விமானம் சாய்ந்து திரும்பிக்கொண்டிருந்தது. முக்கோண இறக்கை, ஒற்றை எஞ்சின், புதிய வகை. பெயர் சொன்னார், எனக்கு முக்கோணம் என்றால் போதும். அவர் விரலை வைத்த இடத்தில், விமானி அறைக்குச் சற்றுப் பின்னால், எஞ்சினுக்குக் காற்று போகும் குழாயின் பக்கவாட்டில், ஒரு சின்னக் கதவு திறந்திருந்தது. உள்ளங்கை அகலம்கூட இருக்காது.

"இது தெறந்திருக்கக் கூடாதா?"

"தெரியல" என்றார். "சில ப்ளேன்ல காத்து பத்தாதப்ப தானா தெறக்கற மாதிரி கதவு வெச்சிருப்பாங்க. இது அதுவா இருக்கலாம். இல்ல, பூட்டு தேஞ்சி, காத்து இழுக்கறதால தெறக்குதா இருக்கலாம். நான் பாத்த ப்ளேன்ல இந்த எடத்துல கதவே கெடையாது."

"எறங்குனதும் அவங்களே பாத்துக்க மாட்டாங்களா?"

"பாக்க முடியாதுக்கா. எஞ்சின் நின்னா காத்து இழுக்காது. கதவு தானா மூடிக்கும். தரையில எல்லாம் ஒழுங்காதான் தெரியும். ஆகாசத்துல மட்டும்தான் தெறக்கும். ஆகாசத்துல அத இந்தப் பக்கத்துலேர்ந்து பாத்தது நான்தான்."

ஞாயிற்றுக்கிழமை அதே விமானம் கடற்கரைக் கூட்டத்துக்கு மேல் தலைகீழாகப் பறக்கப்போகிறது. கதவு பிய்ந்தால் அது எஞ்சினுக்குள் போகும். ஒற்றை எஞ்சின்.

உடனே யாரிடமாவது சொல்லவேண்டியதுதானே என்றேன். அவர் தலையை ஆட்டினார். ஒரு படத்தை வைத்துப் பேச முடியாது; வெயில் பட்ட நிழலாகக்கூட இருக்கலாம். நாளை ஒத்திகையில் இன்னொரு படம் வேண்டும். மெதுவாகத் திரும்பும்போது ஒன்று, வேகமாகப் போகும்போது ஒன்று. கொல்லையிலிருந்து எடுக்க முடியாது, தென்னை மறைக்கிறது. ஏரிக்கரைக்குப் போகவேண்டும். விழுந்த அதே கரைக்கு.

காலை ஊன்றாமல், எழுந்து நிற்காமல், பின்னோக்கி ஓர் அடி வைக்காமல் எடுப்பதானால் போகலாம் என்று சொன்னேன். உட்கார்ந்தே எல்லாப் பக்கமும் திரும்பவேண்டும். அதற்கு வழி கண்டவர் நாகராஜன். ஏரியை ஒட்டி நெல்லும் கரும்பும் பயிரிடுபவர். அருள்தாஸைக் கிண்டல் செய்யாமல் அவருக்குப் பொழுது போகாது. மகளின் கம்ப்யூட்டர் மேசைக்கு வாங்கிய சுழல் நாற்காலியை டிராக்டர் டிரெய்லரில் ஏற்றிக் கொண்டுவந்தார். அதன் சக்கரங்களைத் தாம்புக்கயிற்றால் டிரெய்லரின் நான்கு மூலைக்கும் இழுத்துக் கட்டினார். நோயாளியை இரண்டு பேர் தூக்கி அதில் வைத்தோம். கால் நீட்ட ஒரு நெல் மூட்டை.

"இன்னா மிலிட்டரி, பொண்ணழைப்புக்குப் போற மாதிரி ஒக்காந்துகினு போற? மாலை கீல போடட்டுமா?"

"நீ வண்டிய ஒழுங்கா ஓட்டுடா."

"பள்ளத்துல எறக்குனா நீயே பறந்துருவ. சீட்டுக்கு அடியில வெடி வெச்சிருக்கியா?"

ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தி, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் கொடுக்கச் சொன்னார் அருள்தாஸ். கொடுத்ததாக நாகராஜன் சொன்னார். "காட்டு" என்றார் இவர். நாகராஜன் முணுமுணுத்துக்கொண்டே குனிந்து கல்லைத் தொட்டுக் காட்டினார். அருள்தாஸ் நாற்காலியை ஒருமுறை முழுதாகச் சுற்றிப் பார்த்தார். பிறகு லென்ஸை மடியில் வைத்துக்கொண்டு, கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

பதினொன்றேகாலுக்கு வந்தது. ஏரியில் இருந்த நீர்க்கோழிகள் முதலில் எழுந்தன, சத்தம் பிறகுதான். அதற்குள் அவர் திரும்பியிருந்தார். விமானம் பனைமர உயரத்துக்குச் சற்று மேல் வந்ததுபோல எனக்குத் தோன்றியது. அவ்வளவு தாழ்வாக வராது என்று பிறகு சொன்னார். ஒரு பக்கமாகப் படுத்து, ஏரியைச் சுற்றி வளைந்தது. தண்ணீரில் அதன் நிழல் ஓடியது. சத்தம் காதில் விழவில்லை. விலா எலும்பில் விழுந்தது. டிரெய்லர் தகடு உள்ளங்காலுக்குக் கீழே துடித்தது. நாகராஜன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வாயைத் திறந்து நின்றார். நான் நாடி பிடித்துப் பார்த்திருந்தால் என்னுடையதும் நூற்றிருபது இருந்திருக்கும்.

அருள்தாஸ் சுற்றினார். இடுப்பிலிருந்து மேலே எல்லாம் ஒன்றாக, ஒரே வேகத்தில், கதவு கீலில் திரும்புவதுபோல. கேமரா விடாமல் தட்டியது. விமானம் தலைக்கு மேல் போனபோது உடம்பு பின்னால் சாய்ந்தது. இந்த முறை முதுகுக்கு நாற்காலி இருந்தது. வலது கால் நெல் மூட்டையை விட்டு அசையவில்லை. நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது சுற்று நேராக, முழு வேகத்தில். அதையும் எடுத்தார். பிறகு கேமராவை இறக்கி, சின்னத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தார். மெதுவாகத் திரும்பும்போது கதவு திறந்திருந்தது. வேகமாகப் போகும்போது மூடியிருந்தது. நிழல் இல்லை.

"அப்ப தானா தெறக்கற கதவுதானே?" என்று நாகராஜன் கேட்டார்.

"தேஞ்ச பூட்டும் அப்டிதான் செய்யும். ரெண்டுக்கும் படம் ஒண்ணுதான்."

சொல்லவேண்டும் என்று முடிவாயிற்று. யாரிடம் என்பதுதான் கேள்வி. அறிவிப்பில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தார். எடுத்தவர் வாகனம் நிறுத்தும் இடம் பற்றிச் சொன்னார். காவல் கட்டுப்பாட்டு அறை அவரிடம் வயது கேட்டது. விமானப்படைக்குள் இப்போது இருக்கும் ஆள்களை எட்ட அவருக்கு ஒரே வழிதான் இருந்தது: பழைய மெக்கானிக்குகளின் வாட்ஸ்அப் குழு. அறுபத்து மூன்று பேர். சிலருடைய மகன்களும் மருமகன்களும் இப்போது பணியில் இருக்கிறார்கள். அந்த அறுபத்து மூன்று பேரும் அவரைப் பாக்கெட் என்றே அறிவார்கள். குழுவில் சேர்ந்து ஏழு வருடமாக அவர் ஒரு வார்த்தை எழுதியதில்லை, படமும் போட்டதில்லை.

ஐந்தரைக்கு ஸ்டெல்லா வந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கணவர் முன்னால் நின்றார்.

"இல்லாத ஒண்ணுக்கு மறுபடியும் ஓடிப்போயி நிக்கப் போறியா? அந்தப் பேர் மறக்க ஒனக்கு எத்தன வருசம் ஆச்சு?"

"மறக்கல ஸ்டெல்லா."

"அப்ப?"

"அந்த ப்ளேன்ல ஒரு ஆளு ஒக்காந்திருக்கான். அவன் கண்ணுக்கு இது தெரியாது."

ஸ்டெல்லா காபி போடப் போனார். அருள்தாஸ் இரண்டு படங்களையும், எடுத்த நேரத்தையும், திசையையும் குழுவில் போட்டு, கீழே எழுதினார்: 'இந்தக் கதவு டிசைனா, பழுதா? எனக்குத் தெரியாது. தெரிந்தவர் ஞாயிற்றுக்கு முன் சொல்லவும்.'

பத்து நிமிடத்தில் பதில் வந்துவிட்டது. 'பாக்கெட் உயிரோடதான் இருக்கியா?' 'முதல்ல உன் பாக்கெட்ல தேடு.' 'கதவு உன் பேன்ட்ல இருக்கும் பார்.' சிரித்து உருளும் மஞ்சள் முகங்கள் வரிசையாக. அவர் ஒவ்வொன்றையும் படித்தார், கைபேசியை மூடவில்லை. கால் வீங்கியிருக்கிறதா என்று பார்க்கிற சாக்கில் நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். கால் வீங்கவில்லை. முகம்தான் கொஞ்சம் சிறுத்திருந்தது.

ஆறே முக்காலுக்குப் புகழேந்தி என்பவர் எழுதினார். தாம்பரத்தில் இருப்பவர், அந்தக் காலத்தில் எஞ்சின் ஆள். 'சிரிச்சது போதும். அன்னிக்கு அந்தச் சாமான் உள்ள இருந்திருந்தா, அவன் ஓடினதாலதான் விமானி பொழைச்சிருப்பார். படத்தை என் மருமகனுக்கு அனுப்பிட்டேன்.' அதற்குப் பிறகு குழுவில் யாரும் எழுதவில்லை.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, முகம் துடைத்துக்கொண்டிருந்தபோது, தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. அவர் கை ஈரமாக இருந்ததால் நான் ஒலிபெருக்கியில் போட்டேன்.

"அருள்தாஸ் சாருங்களா? அரிகரன் பேசறேன். அந்த விமானத்தோட பராமரிப்பு எங்க டீம் சார். படம் வந்துச்சு."

"சொல்லுங்க தம்பி."

"அது டிசைன் சார். மெதுவா திரும்பும்போது எஞ்சினுக்கு எக்ஸ்ட்ரா காத்து வேணும். அப்ப தானா தொறக்கும். ரெண்டு பக்கமும் இருக்கு. நீங்க நின்ன எடத்துலேர்ந்து ஒரு பக்கம்தான் தெரிஞ்சிருக்கும்."

அருள்தாஸ் கண்ணை மூடிக்கொண்டார். நான் துண்டைக் கொடுத்தேன். அவர் வாங்கவில்லை.

"இருந்தாலும் காலைல ரெண்டையும் தொறந்து பாத்துட்டோம் சார்" என்றார் அரிகரன். "படம் வந்ததுக்கப்பறம் பாக்காம அனுப்ப முடியாதே."

"ரைட் சைடும் பாத்தீங்களா?"

"பாத்தாச்சு சார்."

"ஸ்பிரிங்?"

"அதுவும் பாத்தாச்சு."

"பசங்களுக்கு எவ்ளோ நேரம் ஆச்சு?"

"ரெண்டு மணி நேரம் சார். நாலரைக்கே எழுப்பி வுட்டேன். திட்டிகிட்டேதான் செஞ்சானுங்க."

"திட்டட்டும்" என்றார் அருள்தாஸ். "சரி தம்பி. பறக்கட்டும்."

அரிகரன் சிரித்துவிட்டு, "யெஸ் சார்" என்றார். போன் வைத்தாயிற்று.

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கைபேசியைக் கேட்டு வாங்கி, குழுவைத் திறந்து, ஒற்றை விரலால் நிதானமாக அடித்தார். கண்ணாடி இல்லாமல் அடித்ததால் சரியாக இருக்கிறதா என்று என்னிடம் காட்டினார். 'கதவு டிசைன். பழுது இல்லை. தவறு என்னுடையது. இரண்டு பக்கமும் பார்த்துவிட்டார்கள். நன்றி.' அதற்குக் கீழே பெயர் போட்டிருந்தார்: 'பாக்கெட்.'

"இது இருக்கட்டுமா?" என்று விரலை வைத்துக் கேட்டேன்.

"இருக்கட்டும்க்கா. அருள்தாஸ்னு போட்டா பாதிப் பேருக்கு யாருன்னு தெரியாது."

அனுப்பினார். ஸ்டெல்லா அடுக்களை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "பாக்கெட்டுக்கு இட்லி எத்தன வைக்கட்டும்?" என்று கேட்டார். கல்யாணமாகி முப்பது வருடத்தில் அந்தப் பெயரை அவர் சொன்னது அதுதான் முதல் முறை என்று பிறகு அறிந்தேன். அருள்தாஸ் நான்கு கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஊரில் பாதி கடற்கரைக்குப் போய்விட்டது. நாங்கள் ஏரிக்கரைக்குப் போனோம். டிரெய்லர், நாற்காலி, நெல் மூட்டை எல்லாம் அப்படியே. ஸ்டெல்லாவும் வந்து, குடையோடு நின்றார். நீர்க்கோழிகள் எழுந்தன. அருள்தாஸ் சத்தம் வராத பக்கம் திரும்பினார். முக்கோணம் வந்து படுத்து வளைந்தது. ஸ்டெல்லா குடையை விட்டுவிட்டார். அது தண்ணீர் வரை உருண்டு போனது. அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை. கழுத்தை நீட்டி மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

விமானம் கடல் பக்கம் போனதும் நாகராஜன் காதிலிருந்து கையை எடுத்தார். வெள்ளிக்கிழமையிலிருந்து அவருக்கும் அந்தப் பெயர் தெரியும். வாட்ஸ்அப்பைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டிருந்தார்.

"இன்னா பாக்கெட், கதவு மூடியிருந்துச்சா?"

அருள்தாஸ் கேமராவின் சின்னத் திரையைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"தெறந்துதான் இருந்துச்சு" என்றார். "தெறக்கணும்."